புள்ளிக்கோட்டுக்கு வெளியே

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், ஏதாவதொரு ஜெராக்ஸ் கடை வாசலில் சற்று நேரம் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இடுப்பில் குழந்தையும் கையில் கைப்பேசியுமாக ஒரு தாய் வருவார். “அண்ணா, வாட்ஸ்அப்புல பி.டி.எஃப். அனுப்பியிருக்கேன். எல்லாப் பக்கமும் ரெண்டு ரெண்டு காப்பி போட்டுருங்க.” இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் தாள்களில் விதவிதமான படங்கள் இருக்கும். ஒன்றில் புள்ளிப் புள்ளியாக ‘அ’ வரிசை வரிசையாக நிற்கும். இன்னொன்றில் முயலைக் கேரட்டிடம் கொண்டு சேர்க்கும் வளைந்த பாதை. மற்றொன்றில் கத்தரியால் வெட்டிப் பிடரி உண்டாக்க வேண்டிய சிங்க முகம். சிலருக்கு அவற்றைப் பள்ளி அனுப்பியிருக்கும். சிலருக்குச் சிகிச்சை மையத்தில் ‘ஓ.டி. மேடம்’ சொல்லியிருப்பார். வேறு சிலர் இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததை எடுத்து வந்திருப்பார்கள்.

ஒரே காகிதம், ஒரே மை, ஒரே விலை. ஆனால் அந்தத் தாள்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து எழும் குழந்தையின் கைக்குக் கிடைப்பது ஒன்றல்ல. எந்தத் தாள் கைக்கு வேலை கொடுக்கிறது, எந்தத் தாள் கையின் வேலையைத் தானே முடித்துவிடுகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன். பிள்ளைக்கு எழுத வரவில்லையே என்ற கவலையோடு இரவு ஒன்பது மணிக்குப் பென்சில் சீவிக்கொண்டிருக்கும் பெற்றோர் நம் ஊரில் மிகப் பலர். அவர்களுடைய அந்த நேரம் வீணாகக் கூடாது.

முதலில் கையைப் பற்றிச் சில செய்திகள். மனிதக் கையில் 27 எலும்புகள். அவற்றில் எட்டு மணிக்கட்டில் நெருக்கமாக அடுக்கப்பட்டவை. பிறந்த குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அந்த எட்டில் ஒன்றும் பொதுவாகத் தெரியாது. அப்போது அவை வெறும் குருத்தெலும்பு. சில மாதங்களில் இரண்டு எலும்பாகத் தொடங்கும். பட்டாணி அளவே உள்ள கடைசி எலும்பு எலும்பாகத் தொடங்க எட்டு வயதுக்கு மேல் ஆகும். எல்.கே.ஜி. குழந்தை பென்சில் பிடிக்கும்போது அதன் மணிக்கட்டு இன்னும் கட்டி முடியாத வீடு.

விரல்களை வலுவாக மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை; முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்கு ஓடுகின்றன. அதனால் மணிக்கட்டு சற்றுப் பின்னோக்கி நிமிர்ந்திருந்தால்தான் விரல்களுக்குப் பலம் வரும். ஐயமிருந்தால் உங்கள் மணிக்கட்டை உள்பக்கமாக முழுவதும் மடக்கிக்கொண்டு கையை இறுக்க மூடிப் பாருங்கள். மூடாது. தாளைத் தரையில் போட்டுக் குனிந்து எழுதும் சின்னக் குழந்தைகள் பலரின் மணிக்கட்டு இப்படித்தான் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. அதே தாளைப் பீரோ கதவிலோ சுவரிலோ ஒட்டி, நின்றுகொண்டு வரையச் சொன்னால் மணிக்கட்டு தானாகப் பின்னோக்கி நிமிரும். சிகிச்சை மையங்களில் செய்யும் இந்த எளிய மாற்றத்துக்கு ஒட்டும் டேப்பைத் தவிர வேறு செலவில்லை. கணக்குப்பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதிய அந்தச் சாய்வுப் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்தது. பல வீடுகளில் அது இன்று பரணில் கிடக்கிறது. இறக்கித் துடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கலாம்.

பிடியும் படிப்படியாகவே வரும். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்து ஒரு பொரியைப் பொறுக்கும். ஒன்றரை வயதில் கிரேயானை உலக்கை போலப் பிடித்துத் தோளால் கிறுக்கும். இரண்டு, மூன்று வயதில் விரல்கள் கீழ்நோக்கி வரும். அசைவு முன்கைக்கு இறங்கும். நாலு வயதை ஒட்டி மூன்று விரல் பிடி வரும், ஆனால் விரல்கள் அசையாமல் கை மொத்தமாக நகரும். விரல்களே தனித்து அசைந்து எழுதும் பிடி நாலரையிலிருந்து ஆறு வயதுக்குள் அமையும்.

பார்த்து வரையும் வடிவங்களுக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு. அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கெசல் காலத்திலிருந்து குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்கள் இதைக் கவனித்து வருகிறார்கள். நெடுக்குக் கோடு ஏறத்தாழ இரண்டு வயதில் வரும். படுக்கைக் கோடு அதன்பின். வட்டம் மூன்றில், கூட்டல் குறி நாலில், சதுரம் நாலரையில், முக்கோணம் ஐந்தை ஒட்டி. சாய்சதுரத்துக்கு ஆறு ஏழு வயதாகிவிடும். சாய்கோடு கடைசியில் வருவதைக் கவனியுங்கள். நேர்கோட்டுக்கு ஒரு திசை போதும், சாய்கோட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு திசைகளைக் கண் அளக்க வேண்டும்.

இப்போது ‘அ’வை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு சுழி, அதைத் தழுவி வரும் பெரிய வளைவு, வலப்பக்கம் ஓடும் படுக்கைக் கோடு, கடைசியில் நெடுக்குக் கோடு. எங்கே திரும்ப வேண்டும், எங்கே கடக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பல முடிவுகளை ஒரே எழுத்துக்குள் கை எடுக்க வேண்டும். மூன்றரை வயதில் கூட்டல் குறியே நிலைப்படாத கைக்கு நாம் முதலில் கொடுப்பது இதை. ‘ட’ இரண்டே கோடு, ‘ப’ மூன்றே கோடு. அகர வரிசை நாவுக்கும் காதுக்கும் உரிய வரிசை. கைக்கு உரிய வரிசை வேறு. எளிய வடிவ எழுத்துகளிலிருந்து தொடங்கும் முறை நம் ஆசிரியர்கள் அறியாததன்று. ஆனாலும் மழலையர் வகுப்புக்கான அச்சுத்தாள்கள் பெரும்பாலும் ‘அ’விலேயே தொடங்குகின்றன. அந்த ‘அ’ குழந்தைக்கு வராது என்பது தாளைத் தயாரித்தவருக்கும் தெரியும். அதனால்தான் அங்கே புள்ளிக்கோடு வருகிறது.

புள்ளிக்கோட்டின் மேல் எழுதிப் பழகினால் என்ன ஆகிறது? இதற்கு ஓரளவு தெளிவான விடையை 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் வெளியிட்டார்கள். இன்னும் படிக்கத் தெரியாத, ஐந்து வயதை ஒட்டிய 15 குழந்தைகள். சில எழுத்துகளை அவர்கள் பார்த்துத் தாமாக எழுதினார்கள். சிலவற்றை அச்சிட்ட கோட்டின் மேல் எழுதினார்கள். சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்துக்கொண்டு அதே எழுத்துகளைப் பார்த்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் எழுத்தைப் பார்க்கும்போது மூளையில் சில பகுதிகள் ஒன்றாக இயங்கும். குழந்தைகள் தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்த்தபோது அந்தப் பகுதிகள் விழித்தன. கோட்டின் மேல் எழுதியவற்றுக்கும் விசை தட்டியவற்றுக்கும் அந்த விழிப்பு அப்படி வரவில்லை.

15 குழந்தைகளை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. அவர்கள் எழுதியதும் ரோமன் எழுத்துகளே. ஆனாலும் ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. குழந்தை தானாக எழுதும் ‘ப’ ஒவ்வொரு முறையும் கோணலாக வருகிறது. ஒன்று ஒல்லியாக, ஒன்று குண்டாக, ஒன்று சரிந்து. அத்தனையும் ‘ப’தான் என்று ஏற்கும்போது, எது மாறலாம், எது மாறக் கூடாது என்று மூளை பிரித்தறிகிறது. புள்ளிக்கோட்டின் மேல் எழுதிய இருபது ‘ப’வும் ஒன்றுபோலவே இருக்கும். அழகாகவும் இருக்கும். எங்கே தொடங்குவது, எவ்வளவு பெரிதாக எழுதுவது, எங்கே திரும்புவது என்ற எதையும் அங்கே குழந்தை தீர்மானிக்கவில்லை. அச்சகம் தீர்மானித்துவிட்டது. நிரம்பிய தாளைப் பார்த்து நாம் மகிழ்கிறோம்.

இதற்கு மாற்று எங்கோ தொலைவில் இல்லை. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவ வீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். ஒருநாள் வழியில் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். திண்ணைப் பள்ளிகளில் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வருமுன் மணல்தான் சிலேட்டு. பெல் அதைத் தம் பள்ளியில் கொண்டுவர விரும்பினார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். அவன் மணலில் எழுதவைத்துக் கற்றுக் கொடுத்தான். அதிலிருந்து வளர்ந்ததுதான் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ‘மெட்ராஸ் முறை’. பெல் தாய்நாடு திரும்பி 1797-இல் இதைப் புத்தகமாக எழுதினார். பிறகு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுடைய பள்ளிகளில் மணல் தட்டுகள் புழங்கின. கல்வி வரலாற்றில் மாணவரே கற்பித்த பகுதியைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். கையைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு மணல்தான் பெரிதாகத் தெரிகிறது. மணல் விரலுக்குத் தடை கொடுக்கிறது. அந்தத் தடையால் விரலுக்குத் தான் போன வழி தெரிகிறது. தவறினால் உள்ளங்கையால் ஒரு தடவல், தவறு மறைந்துவிடும். அழிரப்பர் தாளைக் கிழிக்கும் அழுகை அங்கே இல்லை. விஜயதசமியன்று தாத்தாவின் மடியில் உட்கார்ந்து தாம்பாளத்து அரிசியில் எழுதும் முதல் எழுத்தும் இதே வழக்கத்தின் மிச்சம். அதை ஒருநாள் சடங்காக முடித்துவிட்டு மறுநாளே பென்சிலைத் திணிக்கிறோம். அந்தத் தாம்பாளம் ஆறு மாதம் கூடத்திலேயே இருக்கலாம்.

சென்னைக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரின் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். அவருடைய வகுப்பறைப் பொருள்களில் புகழ்பெற்றது உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். அவை பிறந்த இடம் சிகிச்சை. அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்காக இட்டார், செகென் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் உருவாக்கிய கருவிகளை மாண்டிசோரி ரோமில் அத்தகைய குழந்தைகளிடம் பயன்படுத்தினார். அந்த அனுபவத்தை 1907-இல் தொடங்கிய தம் பள்ளியில் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக்கினார். சிறப்புக் குழந்தைக்காகக் கண்டறிந்தது எல்லாக் குழந்தைக்கும் உதவியது. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடப்பது இது.

உப்புத்தாள் எழுத்தின் மேல் விரலை ஓட்டுவதும் அச்சிட்ட கோட்டின் மேல் போவதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே தோலும் கண்ணும் ஒரே நேரத்தில் வடிவத்தை வாங்குகின்றன. தொட்டறிந்த எழுத்தைக் குழந்தை பிறகு தானாக வெற்றிடத்தில் கொண்டுவர வேண்டும். பிரான்சில் புளோரன்ஸ் பாரா, எடுவார்ட் ஜெண்டாஸ் முதலியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தைக் கண்ணால் பார்த்ததோடு விரலால் தடவியும் பழகிய மழலையர், பார்த்து மட்டும் பழகியவர்களைவிட எழுத்துக்கூட்டுவதில் நன்றாகத் தேறினார்கள். கோட்டின் மேல் போவது பாலம். பாலத்தின் மேலேயே குடியிருப்பதுதான் தவறு.

அப்படியானால் ஜெராக்ஸ் கடையில் எதை அச்சிடச் சொல்லலாம்?

வெட்டும் தாளை முதலில் சொல்வேன். கத்தரிக்கோல் ஒரு கையை மட்டும் கேட்பதில்லை. ஒரு கை வெட்ட, மறு கை தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு கைகள் இரண்டு வேலையை ஒன்றுக்கொன்று தோதாகச் செய்யும் பயிற்சி இதைப்போல் வேறொன்றில் எளிதில் கிடைக்காது. சட்டைப் பொத்தான் போட, டிபன் பாக்ஸ் திறக்க, ஸ்கேலைப் பிடித்துக் கோடு போட எல்லாவற்றுக்கும் இது வேண்டும். இரண்டரை வயதில் ஒரு கீற்றின் ஓரத்தில் ஒரே ஒரு ‘சடக்’ போதும். புல்தரை, சிங்கப் பிடரி, சீப்பின் பல் எல்லாம் அந்த ஒற்றை வெட்டுக்காகவே வரையப்பட்டவை. மூன்றரையை ஒட்டி நேர்கோடு, நாலு ஐந்தில் வட்டம். சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாள் சின்னக் கைக்குத் துவளும். அதே படத்தைத் தடித்த அட்டையில் அச்சிட்டால், அல்லது பழைய கல்யாணப் பத்திரிகையின் மேல் ஒட்டிக் கொடுத்தால், வெட்டுவது எளிது. கோடும் தடிமனாக இருக்கட்டும், விரல் அகலத்துக்குப் போட்டாலும் தவறில்லை. கை தேறத் தேறக் கோட்டை மெலிதாக்கிக்கொண்டே போகலாம். கத்தரி பிடிக்கும் கையின் கட்டைவிரல் மேலே பார்க்கிறதா என்பது ஒன்றைத்தான் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்.

இடக்கைக் குழந்தைகளைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். நம் வீடுகளில் இன்னும் அந்தக் கையைத் தட்டிவிடுகிறோம். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் இரு அலகுகளும் விலகித் தாளை மடக்கும். கோடும் கண்ணுக்கு மறையும். “இதுக்கு வெட்டக்கூட வரலை” என்று அந்தக் குழந்தையைச் சொல்கிறோம். வராதது கத்தரிக்கு. இடக்கைக் கத்தரி கடைகளில் கிடைக்கிறது. வாங்கிக் கொடுங்கள், கையை மாற்றாதீர்கள்.

கிழிக்கும் தாளுக்கு ஆயுதமே வேண்டாம். பெரிய மாம்பழம் ஒன்றின் வெளிக்கோடு போதும். பழைய செய்தித்தாளைச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து, மைதாப் பசை தொட்டு, உள்ளே ஒட்டி நிரப்பலாம். கிழிப்பதற்கு இரு கை விரல்களின் நுனிகளும் எதிர்த் திசையில் திருக வேண்டும். பசையைத் தொடச் சில குழந்தைகள் கூசுவார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தாமல் ஒரு குச்சியைக் கொடுக்கலாம். நாளடைவில் விரல் தானே வரும்.

துணி கிளிப் அட்டை இன்னொன்று. அட்டையில் மூன்று மீன்கள், ஓரத்தில் 2, 3, 4 என்ற எண்கள். சரியான எண்ணில் கிளிப்பை மாட்ட வேண்டும். கணக்கு ஒரு சாக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து கிளிப்பை அமுக்கும் அந்த விசைதான் நாளைக்குப் பென்சிலைத் தாங்கப் போகிறது. ஓரத்தில் துளையிட்ட அட்டையில் ஷூ லேஸ் கோப்பதும் இந்த வகைதான். நம் ஊரில் பூத்தொடுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த அட்டையே தேவையில்லை.

அச்சிட எனக்கு மிகவும் பிடித்தது வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசையில் 14 வட்டங்கள் உள்ள தாள். பல்லாங்குழிதான். மரக்கட்டை இல்லாத அடுக்குமாடி வீட்டில் தாளே பலகை. ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மற்றவை சிந்தாமல் ஒவ்வொன்றாக விரல்நுனிக்கு நகர்த்திக் குழியில் இட வேண்டும். கையிலிருக்கும் பொருளை மறுகையின் உதவியின்றி அதே கைக்குள் நகர்த்தும் இந்தத் திறனைச் சிகிச்சைத் துறையில் தனியாக வகைப்படுத்திப் படித்தவர் அமெரிக்காவின் சார்லட் எக்ஸ்னர். உள்ளங்கையிலிருந்து நுனிக்கு, நுனியிலிருந்து உள்ளங்கைக்கு, நுனிக்குள்ளேயே உருட்டல் என்று அவர் பிரித்ததைப் படித்தபோது எனக்குக் கண்முன் வந்தவை பல்லாங்குழியும் ஐந்தாங்கல்லும்தான். பென்சிலை எடுத்துச் சரியான இடத்தில் பிடிக்க விரல்கள் அதன்மேல் ஏறி இறங்குவதும், பேருந்தில் உள்ளங்கைச் சில்லறையிலிருந்து ஒரு காசை மட்டும் நகர்த்திக் கொடுப்பதும் அதே திறன். மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் கொட்டைகளை எட்டாத இடத்தில் வையுங்கள். வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும்.

கோலத்துக்கு வருகிறேன். புள்ளி அச்சிட்ட தாளை எதிர்த்து இவ்வளவு சொன்ன எனக்கு, புள்ளி வைத்த தாள்களிலேயே உயர்ந்தது எது என்றால் கோலத்தாள்தான். வேறுபாடு இதுதான். எழுத்துப் பயிற்சித் தாளில் புள்ளிகளே கோடு. கை அவற்றின் மேல் நடக்க வேண்டும். சிக்குக் கோலத்தில் புள்ளிகள் கோட்டின் வழியில் இல்லை. கோடு அவற்றைச் சுற்றிக்கொண்டு, இடையே நுழைந்து, வளைந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். புள்ளி இடத்தைக் காட்டுகிறது, வழியைக் காட்டுவதில்லை. வழியைக் குழந்தை தன் கண்ணாலும் கையாலும் கண்டுபிடிக்கிறது. அந்தக் கண்டுபிடிப்பில் எவ்வளவு கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதற்கு ஒரு சான்று: சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் 1974-இலேயே கோலங்களைக் கணினி இலக்கண முறையில் விவரித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று புள்ளி, மூன்று வரிசை, ஒன்பதே புள்ளி உள்ள தாளை ஐந்து வயதுக் குழந்தையிடம் கொடுத்து, ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு வளைவு மட்டும் நீங்கள் போட்டுக் காட்டுங்கள். மிச்சத்தை விட்டுவிடுங்கள். தாளில் தேறியதும் வாசலில் மாவு. விரல்கள் மூன்றும் ஒன்றையொன்று தேய்த்து, மாவு ஒரே அளவில் ஒழுகும்படி, கை முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அளவான அழுத்தத்தைப் பென்சிலால் கற்றுக்கொடுக்க முடியாது. ஆண்பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம்.

இதுவரை சொன்னது எல்லாக் குழந்தைகளுக்கும். வளர்ச்சியில் தடையுள்ள குழந்தைகளுக்கு அச்சுத்தாள் இன்னும் அவசியமாகிறது. அதே அளவுக்குத் தவறாகவும் பயன்படுகிறது.

ஓ.டி. என்று நாம் சொல்லும் ஆக்குபேஷனல் தெரபி தனித் தொழிலாக அமெரிக்காவில் 1917-இல் அமைப்புப் பெற்றது. இந்தியாவில் கமலா நிம்ப்கர் 1950-இல் மும்பையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ‘ஆக்குபேஷன்’ என்பதைப் பிழைப்புக்கான தொழில் என்று எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு எதற்குத் தொழில் சிகிச்சை என்று கேட்பவர்கள் உண்டு. உண்பது, உடுப்பது, விளையாடுவது, எழுதுவது எல்லாம் குழந்தையின் தொழில். பெருமூளை வாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளைத் தவிர, வேறு எந்தக் குறையும் வெளியே தெரியாமல் கை மட்டும் தடுமாறும் குழந்தைகளும் இருக்கிறார்கள். இயக்க ஒருங்கிணைவுக் குறைபாடு எனப்படும் இது பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு உண்டு. பள்ளியில் இவர்களுக்குக் கிடைக்கும் பெயர் ‘சோம்பேறி’, ‘கவனமில்லாதவன்’. பள்ளி நாளில் 30 முதல் 60 விழுக்காடு நேரம் கைவேலையில், அதிலும் பெரும்பகுதி எழுதுவதில் போவதாக அமெரிக்க வகுப்பறைகளில் மெக்கேல், செர்மாக் இருவரும் 1992-இல் கணித்தார்கள். பார்த்துப் பார்த்து எழுதவைக்கும் நம் வகுப்பறைகளில் அந்தக் குழந்தை நாள் முழுவதும் தன்னிடம் இல்லாததைக் கொண்டே அளக்கப்படுகிறது.

இங்கே ஆய்வுகள் ஒரு கசப்பான செய்தியையும் சொல்கின்றன. எழுத வராத பள்ளிப் பிள்ளைக்குக் களிமண் உருட்டல், மணி கோத்தல், ஸ்பாஞ்ச் பிழிதல் ஆகியவற்றை மட்டும் கொடுத்தால் எழுத்து தானாகத் தேறிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் மெலிது. 2011-இல் ஹோய், ஈகன், ஃபெடர் மூவரும் கையெழுத்துச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எழுத்துப் பயிற்சியே இல்லாத சிகிச்சைகள் எழுத்தை முன்னேற்றவில்லை என்று தெரிந்தது. எழுத்து தேற எழுதத்தான் வேண்டும். அதனால் கிளிப்பும் லேஸும் வீண் என்று பொருளில்லை. அவை எழுதும் வயதுக்கு முன்பும், எழுத்துக்கு வெளியேயுள்ள நூறு வேலைகளுக்கும் கையை ஆயத்தம் செய்கின்றன. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிங்கப் பிடரி வெட்டும் தாளை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அவன் தன் பெயரை எழுத விரும்புகிறான் என்றால் அன்றைய தாளில் அவன் பெயர் இருக்க வேண்டும். மேலே ஒருமுறை அச்சில், கீழே வெற்றிடம். எழுதியபின் தன் எழுத்துகளில் மிக நன்றாக வந்த ஒன்றை அவனே வட்டமிடட்டும்.

பிடியைப் பற்றியும் ஒன்று. மூன்று விரல் பிடி வரவில்லையென்று எட்டு வயதுப் பிள்ளையின் விரல்களைப் பிரித்துப் பிரித்து வைக்கிறோம். கனடாவில் ஹைடி ஷ்வெல்னஸ் குழுவினர் 2012-இல் நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தபோது, நாலு விரல் பிடி, கட்டைவிரல் குறுக்கே போகும் பிடி முதலான நாலு வகைப் பிடிகளுக்குள் வேகத்திலும் தெளிவிலும் வேறுபாடு தெரியவில்லை. வலி இல்லை, எழுத்து புரிகிறது என்றால் விட்டுவிடலாம். சின்ன வயதில் நல்ல பிடி வர எளிய வழி, கிரேயானை ஒடித்துக் கட்டைவிரல் நுனி அளவு துண்டாகக் கொடுப்பது. அவ்வளவு சின்னத் துண்டை விரல்நுனியால் தவிரப் பிடிக்க முடியாது.

நம் மாநிலத்தில் சிகிச்சை மையம் எல்லா ஊரிலும் இல்லை. 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், 1985-இல் சென்னையில் தொடங்கிய வித்யாசாகர் போன்றவை குடும்பத்தையே சிகிச்சையின் பங்காளியாக்கிய முன்னோடிகள். இவை இருந்தும், வாரம் ஒருமுறை பேருந்தேறிக் கூலி இழந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய்மாருக்கு மற்ற ஆறு நாளும் வீட்டில்தான் சிகிச்சை. அந்த ஆறு நாளை நிரப்புவது இந்தத் தாள். அது பலன் தருமா? ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் 2009-இல் பெருமூளை வாதம் உள்ள 36 குழந்தைகளிடம் வீட்டுப் பயிற்சியைச் சோதித்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்ற இலக்கைக் குடும்பமே தேர்ந்தெடுத்தது. எட்டு வாரம் செய்தவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். அவர்கள் சராசரியாக மாதத்துக்கு 17, 18 முறைதான் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் 16, 17 நிமிடம். தினமும் இரண்டு மணி நேரம் உட்காரவைக்க முடியவில்லையே என்று குற்ற உணர்வில் வாடும் தாய்மாருக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், கால் மணி நேரம். குழந்தை சிணுங்கினால் நிறுத்தலாம். அன்றைக்குத் தாளே வேண்டாம் என்றால் பட்டாணி உரிக்கலாம், முருங்கைக்கீரை ஆயலாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு காம்பிலிருந்து இலையை உருவும் அந்த அசைவை எந்த அச்சுத்தாளும் தந்துவிடாது.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஆண்டு இறுதியில் பெற்றோருக்கு ஒரு கோப்பு கொடுப்பார்கள். குழந்தை முடித்த தாள்கள் எல்லாம் தேதி வாரியாக அதில் இருக்கும். எல்லாப் பக்கமும் தட்டை, சுத்தம், புள்ளிக்கோட்டை விட்டு விலகாத எழுத்து. பெற்றோர் அதைப் புரட்டிப் பார்த்து மகிழ்வார்கள். கோப்பில் குத்த முடியாத தாளை அந்த வகுப்பில் கொடுப்பதில்லை. வெட்டியது துண்டாகிவிடும், கிழித்தது குப்பையாகிவிடும், பல்லாங்குழித் தாள் புளியங்கொட்டை உரசி ஒரே வாரத்தில் நைந்துவிடும், கோலத்தாளில் முதல் பத்துக் கோலமும் பாதியில் சிக்கி நிற்கும். அதே பள்ளியின் இன்னொரு பிரிவில் ஓர் ஆசிரியை இருந்தார். அவருடைய வகுப்பில் கோப்பு மெலிதாக இருக்கும். மாலையில் ஆயாம்மா பெருக்கி எடுக்கும் முறத்தில் மட்டும் கலர்த் தாளின் பொடித் துண்டுகள் குவிந்து கிடக்கும். ஆண்டுவிழாவுக்கு முன்னால் ஒரு தந்தை வந்து, என் மகளின் கோப்பில் ஏன் பக்கங்கள் குறைவு என்று கேட்டார். ஆசிரியை குழந்தையைக் கூப்பிட்டு, அப்பாவின் சட்டைப் பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றச் சொன்னார். குழந்தை இரண்டு கையாலும் கழற்றி, மூடியைப் பேனாவின் பின்புறத்தில் செருகி, அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு விளையாடப் போனது.